பாட்டு வாடகைக்கு மட்டும்

தொலைபேசியில் யார் எந்தப் பாட்டைக் கேட்டாலும் அக்காவிடமிருந்து முதலில் வரும் பதில் ஒன்றுதான். “விலைக்கு இல்லீங்க. வாடகைக்குத்தானுங்க.”

எங்கள் ஊர்ப்பக்கம் டிராக்டர் வாடகைக்குக் கிடைக்கும், ஜெனரேட்டர் கிடைக்கும், மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை வண்டிகூடக் கிடைக்கும். பாட்டை எப்படி வாடகைக்கு எடுப்பது என்று கேட்பார்கள். அவர் சலிக்காமல் ஒரே மாதிரி விளக்குவார்.

“லைன் வீடு தெரியுமுங்கல்ல? அப்படி நெனச்சுக்குங்க. குடியிருக்கற வரைக்கும் அது உங்க ஊடு. ஆணி அடிச்சுக்கலாம், வாசல்ல கோலம் போட்டுக்கலாம், நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டமுங்க. பத்திரம் மட்டும் எங்ககிட்ட இருக்கும்.”

ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும் அந்தச் சின்ன வாடகை வீடுகள் இல்லாத தெரு கோயம்புத்தூரில் குறைவு. அதனால் எல்லோருக்கும் உடனே புரிந்துவிடும்.

நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தன் பாட்டைத் தானே எழுதி, மெட்டுப் போட்டு, பாடி, பதிவு செய்து, அதை வைத்தே தொழில் நடத்தியவர். சினிமாவில் பாடியதில்லை. மேடையேறியதில்லை. கோவை கணபதிப் பகுதியில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் இரண்டு அறைகளை எடுத்திருந்தார். ஒன்று ஸ்டூடியோ, மற்றது அலுவலகம். அதற்கும் மேலே மொட்டைமாடியில் தகரக்கூரை போட்ட ஓர் அறையில் குடியிருந்தார். தனியாகத்தான்.

பேசும்போது மட்டும் ‘நாங்க’ என்பார். “எங்க கம்பெனில அப்படிப் பழக்கமில்லீங்க”, “நாங்க கலந்து பேசிட்டுச் சொல்றமுங்க.” நான் சேர்வதற்கு முன்பு அந்தக் கம்பெனியில் கலந்து பேச வேறு ஆளே கிடையாது.

அவருடைய வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் கல்யாண வீடியோ எடுப்பவர்கள். கல்யாண வீடியோவில் சினிமாப் பாட்டைச் சேர்த்து இணையத்தில் ஏற்றினால் பாட்டுக்கு உரிமையுள்ள நிறுவனத்திடமிருந்து நோட்டீஸ் வரும். வீடியோ முடங்கிப்போகும். வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பாவால் பார்க்க முடியாது. பெண் வீட்டார் வீடியோக்காரரைப் பிடித்துக்கொள்வார்கள். இவர் பாட்டை எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. “எங்க பாட்டுக்கு எவனும் நோட்டீஸ் உட முடியாதுங்க. எல்லாம் எங்களுது.” அவர் கொடுத்த உத்தரவாதம் அது ஒன்றுதான். பொள்ளாச்சியிலிருந்து சத்தியமங்கலம் வரைக்கும் வீடியோக்காரர்கள் அதை நம்பித்தான் வருடம் தவறாமல் புதுப்பித்தார்கள்.

கட்டடத்தைச் சுற்றி நான்கு லேத் பட்டறைகள். எட்டரைக்கு மெஷின் ஓடத் தொடங்கினால் சுவர் வழியாக ஒரு முனகல் வந்து ஒலிவாங்கியில் ஏறிவிடும். ஆகவே காலை ஆறு முதல் எட்டரை வரைதான் பதிவு. மெத்தையும் தடுப்புப் பலகையும் போட்டுச் சத்தத்தை நிறுத்தலாம் என்று நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “அவுங்க சத்தம் நின்னுச்சுன்னா அப்பறம் எனக்கு இங்க ஒரு சத்தமும் இருக்காது கண்ணு” என்றார். அதற்கு மேல் நான் அதைப் பற்றிப் பேசவில்லை.

வேலைக்கு நேர்காணல் என்று ஒன்று நடந்தது. மின்னணுவியல் பொறியியல் படித்துவிட்டு ஒரு வருடம் பெங்களூரில் வேலை பார்த்துத் திரும்பியிருந்தேன். எனக்குத் தெரிந்த மென்பொருள்களை வரிசையாகச் சொன்னேன். அவர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

“பேசறத எழுதத் தெரியுமா?”

“புரியலைங்க்கா.”

“ஃபோன்ல பேசறனில்ல. யாரு என்ன சொன்னாங்க, நான் என்ன சொன்னேன்னு எழுதி வெக்கோணும். எனக்கு மெட்டு மறக்காது, பேச்சு மறந்துபோகும்.”

பெங்களூரில் அதுதான் என் வேலையில் பாதி. கூட்டம் முடிந்ததும் பேசியவை, ஒப்புக்கொண்டவை, மிச்சமிருப்பவை என்று மூன்று பட்டியல் போட்டு எல்லோருக்கும் அனுப்புவேன். சொன்னேன். “அதான் வேணும். நாளைக்கு வந்துரு” என்றார்.

காகிதம் எதுவானாலும் அவர் ஒரு மர ஸ்கேலை எடுத்து முதல் வரிக்குக் கீழே வைப்பார். படித்து முடித்தபிறகு ஸ்கேல் ஒரு வரி இறங்கும். மின்சார வாரிய ரசீதானாலும் சரி, மெஸ்ஸிலிருந்து வரும் விலைப்பட்டியலானாலும் சரி. ஆங்கிலம் என்றால் ஸ்கேல் இன்னும் மெதுவாக இறங்கும். புரியாத சொல்லுக்குப் பென்சிலால் புள்ளி வைப்பார். கொரியர்காரர் கையெழுத்துக்காக நீட்டும் தாளைக்கூட அவர் அப்படித்தான் படிப்பார் என்பதால், வழக்கமாக வரும் பையன் கொடுத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

மெஸ்ஸில் குறைந்தது இரண்டு சாப்பாடு சொன்னால்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். நான் சேரும்வரை மதியம் ஒன்று, இரவுக்கு அதே குழம்பு. நான் சேர்ந்த அன்று கேரியரைத் திறந்து இரண்டு தட்டில் பரிமாறிவிட்டு, தட்டுகளை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் மேசையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு இரண்டையும் ஜன்னலைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஜன்னலுக்கு நேர் கீழே பேருந்து நிறுத்தம்.

விலைக்குக் கேட்டு வந்தவர்களில் எனக்கு நன்றாக நினைவிருப்பவர் ஓர் இனிப்புக்கடை முதலாளி. கடை திறப்பு விளம்பரத்துக்கு எடுத்த பாட்டு அவருக்கு மிகவும் பிடித்துப்போய் நேரில் வந்துவிட்டார்.

“அம்மணி, வருசா வருசம் என்னத்துக்குங்க? ஒரேயடியா எழுதிக் குடுத்துருங்க. உங்க பொண்ணு கல்யாணத்துக்கு ஆகுமில்ல.”

“பொண்ணு இல்லீங்களே.”

“அட, அப்ப உங்க கல்யாணத்துக்குத்தான் ஆகட்டுமே.”

“அதுக்கு மாப்பிள்ளையும் வாடகைக்குக் கெடைக்கறாரான்னு கேட்டுட்டு வாங்க. பேசலாமுங்க.”

அவர் சிரித்தபடி இறங்கிப் போனார். அடுத்த வருடம் வாடகையைப் புதுப்பித்தார். இனிப்பு டப்பாவும் அனுப்பினார். அதை லேத் பட்டறைகளுக்குக் கொடுத்தனுப்பியது போக மீதியை நாங்கள் இரண்டு நாள் தின்றோம்.

ஏன் ஒன்றைக்கூட விற்பதில்லை என்று நான் கேட்டதில்லை. அவராகச் சொன்னது ஒரு கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்த நாளில். அவருடைய அண்ணன் மகளின் கல்யாணம், பொள்ளாச்சியில். அதே வாரம் பொள்ளாச்சி வீடியோக்காரர் ஒருவர் அந்தக் கல்யாணத்துக்கு இணைச்சீர் பாட்டு வேண்டுமென்று கேட்டார்.

இணைச்சீர் எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கு அருகே அவருடைய உடன்பிறந்தவளை இணையாக நிறுத்திச் செய்யும் சடங்கு. மனைவி என்று ஒருத்தி வந்த பிறகும் இவளுக்கு இந்த வீட்டில் இடம் உண்டு என்பதுதான் அதன் பொருள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தச் சடங்குக்கென்று அவர் ஒரு பாட்டு செய்திருந்தார். மூன்று நிமிடம். கடைசி வரியில் தாளம் நின்றுவிடும், குரல் மட்டும் தனியே போகும். எல்லா வீடியோக்காரர்களும் சரியாக அந்த இடத்தில் மாப்பிள்ளையின் அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்வதைக் கொண்டுவந்து வைப்பார்கள். அவரிடம் இருந்த பாட்டுகளில் அதிகம் பேர் குடியிருந்தது அதில்தான்.

“அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கும் வாடகைதானுங்களாக்கா?” என்று கேட்டேன்.

“வாடகைக்குத்தான்” என்றார். பத்திரிகையின் ஓரத்தில் இருந்த மஞ்சளை விரலால் தொட்டுப் பார்த்தார். “எங்கண்ணன் கல்யாணத்துல நாந்தான் கண்ணு இணைச்சீருக்கு நின்னேன். அப்பா செத்ததுக்கு அப்பறம் ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. விடுதலைப் பத்திரம், சொத்துல எனக்குப் பங்கு வேண்டாம்னு. போடு கண்ணு, நம்ம ஊடுதானேன்னாங்க. போட்டுட்டேன். ஊட்டுக்குப் பின்னால அப்பா கட்டுன லைன் வீடு அஞ்சு இருந்துச்சு. ஒண்ணு எனக்குன்னு சொல்லி வெச்சிருந்தாரு. வெளிய வந்து டீ குடிக்கறப்பத்தான் கேட்டேன், அதும் சேத்தியான்னு. சேத்திதான்னாங்க.”

அவ்வளவுதான் சொன்னார். கல்யாணத்துக்குப் போகவில்லை. வீடியோக்காரருக்கு மற்றவர்களுக்கு அனுப்பும் அதே ஒப்பந்தத்தை அனுப்பச் சொன்னார்.

சென்னையிலிருந்து அழைப்பு வந்தது அதற்குப் பிறகு. ஒரு பாட்டு நிறுவனம். இணைச்சீர் பாட்டை ஒரு படத்தில் வைக்க வேண்டுமாம். அவர் ஸ்பீக்கரில் போட்டார். நான் எதிரில் உட்கார்ந்து எழுதினேன். பேசியவர் வேகமாகப் பேசினார்.

“மேடம், பாட்டோட உரிமை முழுசா எங்க நிறுவனத்துக்கு வந்துடும்.”

“சரிங்க.”

“வரி, மெட்டு, பதிவு மூணும்.”

“சரிங்க.”

“இனிமே வெளிய யாருக்குக் கொடுக்கறதுன்னாலும் எங்க மூலமாதான்.”

“சரிங்க, சரிங்க.”

“உங்க பேர் டைட்டில்ல வரும்.”

“சரிங்க. எங்க புள்ள எல்லாத்தையும் எழுதி அனுப்புமுங்க. பாத்துட்டுச் சொல்றமுங்க.”

அன்றே என் மூன்று பட்டியல்களையும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து சென்னைக்கும் அவருக்கும் அனுப்பினேன்; தாளில் கொடுத்தால்தான் அவர் படிப்பார், அச்செடுக்கத்தான் தோன்றவில்லை. அவர் ‘சரிங்க’ என்ற ஒவ்வொரு இடத்திலும் எனக்குத் தோன்றிய ஆங்கிலச் சொல் ஒன்றுதான்: அக்ரீட். முதல் முறையாக அவர் என்னை ‘எங்க புள்ள’ என்று சொல்லியிருந்தார். அதனால் வழக்கத்தைவிடச் சுத்தமாகச் செய்தேன்.

பத்து நாள் கழித்து ஒப்பந்தம் மின்னஞ்சலில் வந்தது. பதினான்கு பக்கம். கையெழுத்தும் அதிலேயே, தொலைபேசிக்கு வரும் ரகசிய எண்ணைப் போட்டால் முடிந்தது. அன்று காலை அவர் ஸ்டூடியோவுக்குள் ஒரு புதுப் பாட்டின் நடுவில் இருந்தார். மணி எட்டு இருபது. இன்னும் பத்து நிமிடத்தில் லேத் ஓட ஆரம்பித்துவிடும். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று மடிக்கணினியைத் தூக்கிக் காட்டினேன். சென்னையிலிருந்து இரண்டு தடவை நினைவூட்டிவிட்டார்கள். அவர் காதிலிருந்த ஹெட்ஃபோனை ஒரு பக்கம் நகர்த்தினார்.

“படிச்சயா கண்ணு?”

தலையாட்டினேன்.

“வரி வரியாவா?”

அதற்கும் தலையாட்டினேன். பொய் இல்லை. முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து பதினான்கு பக்கத்தையும் என் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தேன். எல்லாம் பொருந்தியது. விற்காதவர் இதை மட்டும் விற்கிறாரே என்று தோன்றியது; சினிமா என்பதால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அவர் போனை எடுத்து எண்ணைச் சொன்னார், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார், விட்ட இடத்திலிருந்து பாடினார். ஸ்கேல் என் மேசையில் கிடந்தது.

ஒன்றரை மாதம் கழித்துக் கோபியிலிருந்து ஒரு வீடியோக்காரர் அழைத்தார். இணைச்சீர் பாட்டு இருந்த வீடியோவுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது என்றார். ஏதோ தவறு, பார்க்கிறேன் என்றேன். மறுநாள் சூலூரிலிருந்து இரண்டு பேர். அதற்கடுத்த நாள் நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

அவர் ஒப்பந்தத்தை அச்செடுக்கச் சொன்னார். ஸ்கேலை வைத்துப் படிக்க ஆரம்பித்தார். நான்காம் பக்கத்தில் ஸ்கேல் நின்றது. நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தபோதும் அதே வரியில்தான் இருந்தது. பிறகு என் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படித்தார்.

“நான் எங்க கண்ணு இதுக்கு ஒத்துக்கிட்டேன்?”

“சரிங்கன்னு சொன்னீங்களேக்கா. எல்லாத்துக்கும்.”

அவர் பட்டியலை மேசையில் வைத்தார். “சரிங்கன்னா, சொல்லுங்க கேட்டுட்டு இருக்கறேன்னு அர்த்தம். உங்கூட்ல சொல்ல மாட்டாங்களா?”

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அம்மா யார் எதைச் சொன்னாலும் நூறு சரிங்க போடுவார், கடைசியில் செய்ய மாட்டார். அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதும்போது அது தெரியாமல் போயிருக்கிறது. அன்று மாலை போனில் பதிவாகியிருந்த பழைய அழைப்புகளைப் போட்டுக் கேட்டேன். உண்மையில் சம்மதிக்கும் இடங்களில் அவர் சரிங்க என்பதே இல்லை. ‘ஆகட்டுங்க’ என்பார். சென்னை அழைப்பு முழுவதிலும் பதினோரு சரிங்க இருந்தது. ஆகட்டுங்க ஒன்றுகூட இல்லை.

“உடு கண்ணு,” என்றார் அவர் மறுநாள். “நெம்பரச் சொன்னது நாந்தானே.”

வக்கீல் ஒருவரைப் போய்ப் பார்த்தோம். கையெழுத்து செல்லும் என்றார். சென்னைக்குக் கடிதம் எழுதினோம். மரியாதையான பதில் வந்தது, அவ்வளவுதான். இனி அந்தப் பாட்டை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதை எடுத்துவிட வேண்டும். முப்பத்தேழு பேர். மின்னஞ்சலில் சொல்லிவிடலாம் என்றேன்.

“குடியிருக்கறவங்கள எந்திரிக்கச் சொல்றதுன்னா நேர்ல போய்த்தான் சொல்லோணும்” என்றார்.

பேருந்து வழித்தடப்படி ஊர்களைப் பிரித்து நான்தான் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். பொள்ளாச்சிப் பக்கம் மூன்று நாள், கோபி, சத்தியமங்கலம் இரண்டு நாள். ஒவ்வொரு கடையிலும் அவர் போய் உட்கார்ந்து, கொடுக்கிற டீயைக் குடித்து, “எங்க தப்புங்க” என்று தொடங்குவார். யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. சிலர் எங்களைப் பேருந்து நிலையம்வரை வண்டியில் கொண்டுவந்து விட்டார்கள். வரும் வழியில் அவர் எனக்கு நிலக்கடலை வாங்கித் தந்தார். சத்தியமங்கலத்தில் பாலத்தின் மேல் பேருந்து நின்றபோது, தூங்கிக்கொண்டிருந்த என்னை எழுப்பி, “ஆத்துல தண்ணி போகுது பாரு கண்ணு” என்று காட்டினார்.

கடைசியாக அன்னூர். பேக்கரிக்கு மேலே ஒரு ஸ்டூடியோ. அதன் உரிமையாளருக்கு ஐம்பது வயதிருக்கும். சுவர் முழுக்க மணப்பெண்கள். அக்காவிடம் முதன்முதலில் பாட்டு வாடகைக்கு எடுத்தவர் அவர்தானாம்.

“ஏனுங்க அம்மணி, ஊட்டுக்காரங்களே ஊட்ட உட்டுட்டீங்களாட்ட இருக்குது?”

“ஆமாங்க. எங்க தப்புங்க.”

“தப்புன்னா எப்படிங்க? நாலு கல்யாண ஊட்டுக் கட்சிக்காரங்க என்னையப் புடிச்சு மானாங்காணியாப் பேசிப்போட்டாங்க. எழுத்துக்கு எழுத்து படிக்காம கையெழுத்துப் போட மாட்டாங்கன்னு உங்களப் பத்தி நான் எத்தன பேர்த்துகிட்டச் சொல்லியிருப்பேன். அதச் சொல்லித்தானே அத்தன பேரையும் உங்ககிட்டச் சேத்து உட்டேன்? படிக்காமயா போட்டீங்க?”

கீழேயிருந்து டீ வந்தது. மூன்று கண்ணாடி டம்ளர். அக்கா ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. மற்ற கடைகளில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை.

நான் சொல்லியிருக்கலாம். ‘படிச்சது நானுங்க’ என்றால் போதும். மடியில் ஃபைல் இருந்தது. அதிலிருந்த தாள்களின் ஓரம் ஒன்றோடொன்று சேராமல் இருந்தது. தட்டிச் சரிசெய்தேன். மறுபடி தட்டினேன். அவர் கொடுத்த நேரம் நிறையவே இருந்தது. டீ ஆடை கட்டும் அளவுக்கு இருந்தது.

“ஆமாங்க,” என்றார் கடைசியில். “படிக்காமத்தானுங்க போட்டுட்டோம்.”

“அப்ப நானும் வேற ஊடு பாத்துக்கறனுங்க” என்றார் அன்னூர்காரர். அந்த ஒரு பாட்டை மட்டுமில்லை, எடுத்திருந்த எல்லாவற்றையும் விட்டுவிடுவதாகச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. படிக்கட்டுவரை வந்து வழியனுப்பினார்.

பேருந்தில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். இருவருக்கும் அவரே டிக்கெட் எடுத்தார். கோவில்பாளையம் தாண்டியதும் என்னைப் பார்த்துச் சொன்னார்:

“நீங்க கணபதில எறங்கிக்குங்க. நான் காந்திபுரம் வரைக்கும் போயிட்டு வாரேனுங்க.”

எங்கள் பக்கம் கோபம் வந்தால் குரல் உயராது. மரியாதை கூடும். அப்பாவோடு சண்டை என்றால் அம்மா அவர் தட்டில் சோறு போட்டுக்கொண்டே “இன்னுங் கொஞ்சம் போட்டுக்கறீங்களா?” என்று விருந்தாளியைக் கேட்பதுபோலக் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பிறகு அப்பாவுக்குச் சாப்பாடு இறங்காது. நான் கணபதியில் இறங்கினேன். அவருடைய பாட்டை நான் தொலைத்தது தெரிந்த பிறகும் ஐந்து வாரம் நான் ‘கண்ணு’வாகத்தான் இருந்தேன் என்பது நிறுத்தத்தில் நிற்கும்போது உறைத்தது.

அதற்குப் பின் மூன்று மாதம் அங்கே இருந்தேன். அவர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. “வாங்க.” “சாப்பாடு வந்துருச்சுங்க.” “பதிவாச்சுங்களா?” ஜன்னலோரம் இரண்டு தட்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. இணைச்சீருக்கு வேறொரு பாட்டு செய்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்தான் பதிவு செய்தேன். நல்ல பாட்டு. அதில் கடைசிவரை தாளம் நிற்காது. முப்பத்தாறு பேருக்கும் அதை வாடகையில்லாமல் ஒரு வருடத்துக்குக் கொடுத்தார். ஒருவர்கூடக் காலி செய்யவில்லை.

நான் விலகுகிறேன் என்றபோது, “ஆகட்டுங்க” என்றார். எனக்கு அடுத்து வருபவருக்காக வேலைகளைப் பட்டியலிட்டு வைக்கட்டுமா என்று கேட்டேன். “யாரும் வரலீங்க. எங்களுக்கு ஒராளு போதுமுங்க” என்றார். சான்றுக் கடிதத்தை அவரே எழுதினார். என்னைப் பற்றி நல்லதாக எழுதியிருந்தார். நான் கையெழுத்துப் போட வேண்டிய நகலைக் கொடுத்து, கூடவே ஸ்கேலையும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

இப்போது சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். ஏழு வருடம் ஆகிவிட்டது. சென்னைக்காரர்களின் படம் வெளிவந்ததாகவே தெரியவில்லை. அவருடைய கம்பெனி நன்றாக நடக்கிறது. உறவினர் கல்யாண வீடியோக்களின் முடிவில் அந்தப் பெயரைப் பார்க்கிறேன். வருடத்துக்கு வருடம் கூடுகிறது. பள்ளிப் பேருந்துகள், மருத்துவமனைக் காத்திருப்பு அறைகள், ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியின் தொலைபேசி என்று எங்கெங்கோ அவர் குரல் கேட்கிறது. வேலைக்கு யாரையும் வைத்துக்கொள்ளவில்லை என்று ஹார்டுவேர் கடைக்காரர் சொன்னார்.

போன மாதம் அவரை அழைத்தேன். சொல்ல வேண்டியவற்றை எழுதி வைத்திருந்தேன், மூன்று இருந்தன. பெயரைச் சொன்னதும், “சொல்லுங்க, நல்லாருக்கீங்களா?” என்றார். பின்னணியில் லேத் ஓடியது. முதல் இரண்டையும் விட்டுவிட்டேன்.

“அன்னைக்கு அன்னூர்ல நான் வாயத் தொறந்து சொல்லியிருக்கோணுங்க்கா. படிச்சது நான்தான்னு.”

லேத் சத்தம் ஒரு சுற்று கூடிக் குறைந்தது.

“அது எனக்குத் தெரிஞ்சதுதானுங்களே. எனக்கெதுக்குங்க சொல்றீங்க? படிக்காம கையெழுத்துப் போடறவன்னு நெனச்சுட்டு இருக்கறது அவருங்க. அவருகிட்டச் சொல்லுங்க.”

அன்னூர்க் கடையின் எண் பழைய பட்டியலில் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில், அலுவலக மொட்டைமாடியிலிருந்து அழைத்தேன். யார், எந்த விஷயம் என்று நான் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கிடவில்லை.

“ஃபைல மடில வெச்சுட்டு உக்காந்திருந்த புள்ளைங்களா?”

“ஆமாங்க. அத்தனையும் படிச்சுப் பாத்து, சரியா இருக்குதுன்னு சொல்லிப் போட வெச்சது நானுங்க. அவுங்க என்னைய நம்பித்தான் போட்டாங்க.”

“அட கெரகமே. அதை அன்னைக்கே சொல்றதுக்கு என்னங்க? நான் என்னத்துக்குக் காலி பண்ணப் போறேன்? அவுங்க பாட்டு இல்லாம இத்தன வருசமா கண்ட பாட்டையும் போட்டுத் திட்டு வாங்கிட்டு இருக்கறனுங்க.” கொஞ்சம் நிறுத்தினார். “அங்கயேதான் இருக்கறாங்களா? நெம்பர அப்பவே அழிச்சுப்போட்டேன். இருங்க, பேனா எடுத்துக்கறேன்.”

எண்ணைச் சொன்னேன். ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். நடுவில் பேனா எழுதவில்லை. மறுக்கா சொல்லச் சொன்னார், சொன்னேன்.

“இன்னைக்கே கூப்புடறனுங்க. யாரு நெம்பர் குடுத்தாங்கன்னு கேட்டா என்ன பேரு சொல்லட்டுங்க?”

“பேரு வேண்டாமுங்க,” என்றேன். “கேக்க மாட்டாங்க.”